நாற்றுமுடிச்சுப் போட்ட வழக்கு

வடகரைமங்கலம் முன்சீப் கோர்ட்டில் அசல் வழக்கு எண் 61/2008-இன் காகிதக் கட்டு, நான்காவது வாய்தாவன்று முளைவிட்டிருந்தது. அன்று புதன்கிழமை. சந்தையில் கத்தரிக்காய் கிலோ பன்னிரண்டு ரூபாய், அரிசி இருபத்திரண்டு. பெஞ்ச் கிளார்க் சித்ரலேகா அலமாரியைத் திறந்து அன்றைய கட்டுகளை எடுத்தபோது, அந்த ஒன்றின் ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ அடையாளத்துக்குச் செருகிய தாள் என்று பிடித்து இழுத்தாள். வரவில்லை. கட்டு முழுவதும் அதோடு சேர்ந்து எழும்பியது. பிரித்துப் பார்த்தால் வேர் பிராதின் ஏழாவது பக்கம் வரை இறங்கியிருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டிருந்ததால் ஆறு வாரம் தள்ளிவைத்தார். முளையைப் பற்றி அன்றைய குறிப்பில் ஒன்றும் எழுதப்படவில்லை.

காரணம் தெரிந்த ஒரே ஆள் வாதியின் வக்கீல் தேவசிகாமணி. அவர் வெளியே சொல்லவில்லை. பிராது தாக்கல் செய்த அன்று சிவப்பு நாடா தீர்ந்துபோயிருந்தது, நேரமும் ஆகிவிட்டது. கோர்ட்டு வாசலில் பூக்கட்டும் பெண்ணிடம் ஒரு வாழைநார் வாங்கி, தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, கைபோன போக்கில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் கறுப்புக் கோட்டைக் கழற்றும்போதுதான் விரல்கள் என்ன செய்தன என்பது நினைவுக்கு வந்தது. கோர்ட்டுக் கட்டுக்குரிய இரட்டை முடிச்சை அவர் போடவில்லை. நாற்றுமுடிச்சைப் போட்டிருந்தார். அப்படி ஒரு முடிச்சு இடுப்பில் விழுந்தபிறகு கட்டு தன்னைக் காகிதம் என்று எப்படி நினைத்துக்கொண்டிருக்கும்?

அந்த முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆற்றுக்குத் தெற்கே, அணையில் பிரியும் வாய்க்காலில் கடைசியாகத் தண்ணீர் வாங்கும் ஊர் ரெகொபோத்து. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு மிஷனரி ஐயர் கிணறு வெட்டிக் கோயில் கட்டி வைத்த பெயர் அது. பாதி வீடு கிறிஸ்தவர்களான வேதக்காரர், பாதி வீடு அம்மன் கோயில்காரர். அங்கே சாரம்மாள் என்ற விதவையின் மகன் தேவசிகாமணி பதின்மூன்று வயதிலிருந்து நாற்றுப் பறித்தான். விடியுமுன் நாற்றங்காலில் இறங்கி, பறித்த நாற்றை முடிமுடியாகக் கட்டி வயலில் வீசுவது ஆண்களின் வேலை. பெண்கள் அதை அவிழ்த்து நடுவார்கள். கட்டுகிற ஆள்கள் முடி சிதறக் கூடாதென்று இறுக்கிக் கட்டுவார்கள். ஊறிச் சுருங்கிய விரல்களோடு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முடிச்சுகளை அவிழ்க்கிற பெண்களுக்கு நகக்கண் கிழிந்துபோகும். தேவசிகாமணி மட்டும் ஒரு விரலால் இழுத்தால் கழன்றுவிடுகிற மாதிரி ஒரு சுருக்கு வைத்துக் கட்டினான். வீசினால் அவிழாது, தொட்டால் அவிழும். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் அம்மாவின் விரல்களைப் பார்த்திருந்தான், அவ்வளவுதான். அவன் வீசிய முடி விழுகிற வரிசைக்கு நடவுப் பெண்கள் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் எப்போதும் ஜெயித்தவள் மாரித்தாய்.

அவன் வக்கீலுக்குப் படித்தது கைப்பிடி அரிசியில். ரெகொபோத்தில் வேதக்காரப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அவன் திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் சபையார் கூடிப் பேசி அந்த அரிசியை அவனுடைய விடுதிக்கு அனுப்பினார்கள். மாரித்தாய் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் வாரம் தவறாமல் ஒரு டம்ளர் அரிசியோடு கோயில் வாசலுக்கு வந்து, "இது ஒங்க கோயிலுக்கு இல்ல, அந்தப் பயலுக்கு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொட்டிப் போவாள். அவன் கறுப்புக் கோட்டுப் போட்டு ஊருக்குள் நடந்துவந்த நாளிலிருந்து எல்லோரும் அவனை அவர் என்றார்கள், மாரித்தாயைத் தவிர.

வழக்கு வந்த விதம் இது. மூன்று வருடம் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் வராத பஞ்சத்தில், கடற்கரையிலிருந்து ஜேசுதாசன் என்பவர் வந்து மெயின் ரோட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வாங்கினார். படகு வைத்திருந்தவர். இரண்டு படகை விற்றுக் கல்யாண மண்டபம் கட்டினார். நடுவில் ஓடிய பள்ளம் வாய்க்கால் என்பதை விற்றவர் சொல்லவில்லை. மீன்பிடிக்கிற மனுஷனுக்கு அது தெரிய வழியுமில்லை. மண்டபத்துக்கும் கீழே இருந்த வயல்களுக்கும் நடுவில், பள்ளத்துக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. நான்காம் வருடம் அணை நிரம்பித் தண்ணீர் வந்தபோது சுவரில் முட்டித் திரும்பிப் போனது. சுவருக்குக் கீழே அறுபத்திரண்டு ஏக்கர் காய்ந்தது. அதில் முதல் வயல் மாரித்தாயின் நாற்பது சென்ட். அது அவளுடைய அம்மா கூலிக்கு நட்டு, பிறகு அவளே கூலிக்கு நட்டு, கடைசியில் சொந்தமாக வாங்கிய வயல். அதில் ஒரு போகம் தன் நெல்லைத் தானே நட்டுப் பார்த்திருந்தாள். ஒரே ஒரு போகம்.

தேவசிகாமணி முறைப்படி நடந்துகொண்டார். முதலில் ஜேசுதாசனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நோட்டீஸ் கிடைத்த அன்றே ஜேசுதாசன் தனக்கொரு வக்கீலைப் பிடித்தார். அந்த வக்கீல் சொன்ன முதல் வார்த்தை, வழக்கு முடிகிறவரை எதிர்த்தரப்பு ஆள்களிடம் பேசக் கூடாது என்பது. அவர் பேசவில்லை. தேவசிகாமணி மாரித்தாய் பேரில் பிராது தாக்கல் செய்து, மண்டபத்தை மேற்கொண்டு நீட்டிவிடக் கூடாதே என்று இடைக்கால மனுவும் போட்டு, தற்போதைய நிலை நீடிக்க வேண்டும் என்று ஒரே மாதத்தில் உத்தரவு வாங்கினார். அன்று ரெகொபோத்தில் எல்லோருக்கும் டீயும் ஆமவடையும் கொடுத்தார்கள். தற்போதைய நிலை என்பது சுவர் நிற்பதும் வயல் காய்வதும்தான் என்பது வடை தின்று முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அதன்பிறகு வாய்தாக்கள். கோர்ட்டு டவாலி வராந்தாவில் நின்று மூன்று தரம் மாரித்தாய் பெயரைக் கூப்பிடுவார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய் நிற்பாள். அரை நிமிஷத்தில் வெளியே வருவாள்.

"ஏலே, இன்னைக்கு என்ன சொன்னாவ?"

"வாய்தா போட்டுட்டாவக்கா."

"போன தடவையும் அதானலே போட்டாவ. வேற ஒண்ணும் போடத் தெரியாதா அவியளுக்கு?"

கட்டு மட்டும் முன்னேறியது. ஏழாவது வாய்தாவில் தூர் கட்டியது. பத்தாவதில் கதிர் தள்ளியது. மூன்றாவது நீதிபதி வேளாண்மை அதிகாரி ஒருவரை வரவழைத்துப் பார்வையிடச் சொன்னார். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது அம்பை பதினாறு ரக நெல், கார் பருவத்துக்கு ஏற்றது, பூச்சித் தாக்குதல் இல்லை, தழைச்சத்து போதும் என்று நான்கு பக்க அறிக்கை கொடுத்தார். அந்த நான்கு பக்கத்தையும் கட்டில் சேர்த்தபோது அவையும் வேர்பிடித்தன. கோடை விடுமுறையில் கோர்ட்டு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் பயிர் கருகிவிடும் என்று சித்ரலேகாவுக்குத் தோன்றியது. யாரும் கேட்காமலே வாரம் இரண்டு நாள் வந்து, காவலாளியிடம் சாவி வாங்கி, பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். சாட்சியத்தில் தண்ணீர் ஊற்றுவது குற்றமா என்று தேவசிகாமணியிடம் ஒருமுறை பயந்துகொண்டே கேட்டாள். "இதுவரைக்கும் யாரும் அதத் தடுத்து எழுதல, மேடம்" என்றார்.

விளைந்த நெல் யாருக்கு என்பதில் தனியாக ஒரு மனு நடந்தது. வாதியின் காகிதத்தில் விளைந்தது வாதிக்கே என்றார் தேவசிகாமணி. பதிலுரைப் பக்கங்களிலும் கதிர் இருப்பதால் பாதி பிரதிவாதிக்கு என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அது முடிவாகும்வரை நெல்லை ஆவண அறையில் வைக்க உத்தரவானது. எலி வந்தது. ஐந்தாவது நீதிபதி ஏலம் விடச் சொன்னார். கேன்டீன்காரர் எடுத்துக் கஞ்சி வைத்து விற்றார். அந்தக் கஞ்சியைக் குடித்தவர்களுக்குத் தங்கள் வழக்கு கூப்பிடப்படும்வரை பசிக்கவில்லை. நல்லதுதான், ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் பசிக்காமல் போய் வீட்டில் கவலைப்பட்டார்கள். பிறகு கேன்டீன்காரர் அதை நிறுத்திவிட்டு இட்லிக்கே திரும்பினார்.

இதையெல்லாம் பார்த்து ஊர் சிரித்தது, வியந்தது, பழகிப்போனது. பழகாதவர் தேவசிகாமணி ஒருவர்தான். கோர்ட்டு அலமாரியில் வருடம் இரண்டு போகம் விளைகிறது, நாலு மைல் தள்ளி மாரித்தாயின் வயலில் கருவேல முள் நிற்கிறது என்பது அவருக்கு நெஞ்சில் சிக்கிய மீன்முள் மாதிரி இருந்தது. மற்ற வழக்குகளில் ஜெயித்தார். முதியோர் பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டு என்று ஏழை எளியதுகளின் மனுக்களைக் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார், அவையெல்லாம் நடந்தன. இது ஒன்று நகரவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் இரண்டு தேய்ந்தது. ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் வார்த்தைகள் மனுவாக வந்தன. ஆண்டவரிடம் போன தேதியைக் குறிப்பிட்டு ஞாபகமூட்டுகிற அளவுக்குப் போய்விட்டார். அவர் மனைவி ரீபா பள்ளிக்கூட டீச்சர், பொறுமைசாலி. அவளும் ஒருநாள், "கோர்ட்டுல அவங்க ஒங்களுக்கு வாய்தா குடுக்காங்க. நீங்க வீட்டுல எங்களுக்குக் குடுக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்டுவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார்.

2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நிற்கச் சொன்னவள் மாரித்தாய். "கோட்டு போட்டுப் பாத்தாச்சி, ஒண்ணும் நடக்கல. வெள்ளச் சட்ட போட்டுப் பாருலே" என்றாள். நின்றார். வேதக்காரத் தெருவும் அம்மன் கோயில் தெருவும் சேர்ந்து போட்டதில் இருநூற்றுப் பதினெட்டு ஓட்டு வித்தியாசத்தில் ஊராட்சித் தலைவரானார். வழக்கை நடத்தும் பொறுப்பைக் கூட இருந்த ஒரு வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு, பதவியேற்ற மூன்றாம் நாள் தாசில்தாரைப் பார்க்கப் போனார். கையில் பழைய கிராம வரைபடம், அதில் நீல மையில் வாய்க்கால். தாசில்தார் வரைபடத்தைப் பார்த்தார், தலையாட்டினார், வாய்க்கால்தான் என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஆனா வழக்கு நிலுவையில இருக்குல்லா, தலைவரே. தற்போதைய நிலை நீடிக்கணும்னு உத்தரவு இருக்கு. அதுல கைவச்சா கோர்ட்டு அவமதிப்பு."

"அந்த உத்தரவ வாங்குனதே நான்தான் சார்."

"பாத்தீங்களா" என்றார் தாசில்தார் அன்பாக. "நீங்களே வாங்குனத நாங்க மீற முடியுமா?"

பிறகு கொரோனா வந்து உலகமே வாய்தாவுக்குப் போனது. சித்ரலேகா மட்டும் அத்தியாவசியப் பணி என்று அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து தண்ணீர் ஊற்றினாள். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, என்ன பணி என்று கேட்டபோது, "பயிரு சார்" என்றாள். போ என்று விட்டுவிட்டார். கோர்ட்டு திறந்தபோது அலமாரிக் கதவை மூட முடியாதபடி கதிர் சாய்ந்து கிடந்தது. அதே சமயத்தில் தேவசிகாமணியின் அம்மா சாரம்மாள் இறந்தாள். அடக்கத்துக்கு இருபது பேருக்குத்தான் அனுமதி. இருபத்தோராவது ஆளாக மாரித்தாய் கல்லறைச் சுவருக்கு வெளியே நின்று பிடி மண்ணை உள்ளே எறிந்தாள்.

2022 ஆனியில், பதினாலு வருடத்துக்குப் பிறகு, வழக்கை வாபஸ் வாங்குவது என்று தேவசிகாமணி முடிவு செய்தார். வழக்கு போனால் உத்தரவு போகும், உத்தரவு போனால் தாசில்தாரின் கை அவிழும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாரித்தாய் கைநாட்டுப் போட்டாள். ஒன்பதாவது நீதிபதி இளம்பெண். வாபஸ் மனுவை ஏற்று, வாதியின் தாள்களை வாதியே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். ஆவண அறைக்குப் போனால் வாடிவிடும் என்று சித்ரலேகா அவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள். தேவசிகாமணி கட்டை மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நேரே தாலுகா ஆபீசுக்குப் போனார். பழைய தாசில்தார் மாற்றலாகியிருந்தார். புதியவர் எல்லாத் தாள்களையும் நிதானமாகப் படித்தார்.

"உரிமை இருக்குன்னு வழக்குப் போட்டிருக்கீங்க. நீங்களே வாபஸ் வாங்கியிருக்கீங்க. அப்போ உரிமை இல்லேன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான ஆகுது?"

தேவசிகாமணி வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருகவில்லை. வெயில் கொதித்தது. பதின்மூன்று வயதிலிருந்து தான் பறித்த நாற்று, படித்த படிப்பு, எழுதிய மனு எல்லாம் அந்தச் சுவரில் முட்டித் திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபம் பண்ணக் கூடத் தோன்றவில்லை. ஒரு மணிநேரம் அப்படியே இருந்தார். பக்கத்தில் இளநீர் விற்ற ஆள் ஒன்றைச் சீவி, கேட்காமலே கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் குடித்த பிறகு சாவி திரும்பியது.

கட்டை அவர் மறுநாள் வாங்கவில்லை, அந்த மாதமே வாங்கவில்லை. அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்தது. நடுவதற்குப் போதும், வளர்ப்பதற்குப் போதாது என்கிற அளவு மழை. அன்று மாரித்தாய் அவர் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அந்தக் கட்ட எங்கலே?"

"கோர்ட்டுலதான் கிடக்கு. அத வச்சி என்ன செய்யப் போறே அக்கா?"

"என் பேருல போட்ட கேசு. என் கட்டு. கொண்டா."

கொண்டுவந்தார். ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திவைத்து, பச்சை இலை முகத்தில் அடிக்க அடிக்க ஓட்டிவந்தார். மாரித்தாய் அதை வயல் வரப்பில் வைத்து வாழைநாரைத் தடவிப் பார்த்தாள். பதினாலு வருடமாகியும் நார் இற்றுப்போகவில்லை. "நீ கட்டுனதுதானலே இது?" என்று கேட்டு, ஒரு விரலை நுழைத்து இழுத்தாள். கழன்றது. தாள்கள் பிரிந்து விழுந்தன. மொத்தம் நூற்று எழுபத்தாறு பக்கம், நூற்று எழுபத்திரண்டில் வேர் இருந்தது. முத்திரை வில்லை ஒட்டிய நான்கு பக்கம்தான் மலடு. ஒவ்வொரு பக்கமும் ஒரு பிடி நாற்று. எழுத்தெல்லாம் வேருக்குப் போய்விட்டிருந்தது, தாள் வெறும் வைக்கோல் நிறத்தில் இருந்தது.

அம்மன் கோயில் தெருவிலிருந்து ஆறு பெண்கள், வேதக்காரத் தெருவிலிருந்து ஐந்து பெண்கள் வந்து முள்ளை வெட்டிச் சேற்றை மிதித்து வைத்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நாற்றை முடிமுடியாகக் கட்டி வீசினார். இருபது வருடத்துக்குப் பிறகும் முடி நேராகப் போய் விழுந்தது. மாலைக்குள் சுவரை ஒட்டி ஐந்து சென்ட் நட்டு முடித்தார்கள்.

"நட்டாச்சி. காயப்போவுது" என்றார் தேவசிகாமணி. குரலில் கசப்பு இருந்தது.

"மூணாம் நாளு உயிர்த்தண்ணி விடணும்லா" என்றாள் மாரித்தாய்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்கு வெட்டிக்கொண்ட குடும்பங்கள் கூட, எதிரியின் வயலில் நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீருக்கு மடையை மறிப்பதில்லை. விதைத்தவனுக்குத் தண்ணீர் மறுக்கலாம், நட்ட பயிருக்கு மறுக்கக் கூடாது. வேர் மண்ணைப் பிடிக்கிற அந்த ஒரு நாள் எல்லாருக்கும் பொது. நாற்றுப் பறித்த காலத்தில் அவருக்கும் தெரிந்ததுதான். நூற்று எழுபத்தாறு பக்கத்தில் ஓரிடத்திலும் அதை அவர் எழுதியிருக்கவில்லை.

"அத ஏன்லே கோர்ட்டுல சொல்லல?"

"அதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாதே அக்கா."

"நட்டா அதான் ஆதாரம்" என்றாள் அவள். அவர் சேற்றில் நின்றபடி பல்லைக் கடித்தார்.

மூன்றாம் நாள் மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மத்தியானமே பந்தல்காரர்கள் வந்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் நின்றது, இந்தப் பக்கம் நட்ட பயிர் மஞ்சளித்துக்கொண்டிருந்தது. தேவசிகாமணி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மாரித்தாய் கேட்டைத் திறந்து உள்ளே போனாள். அவர் பின்னாலேயே போனார். ஜேசுதாசன் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். எழுபது வயது, ஒரு கண்ணில் புரை. பதினாலு வருடமாகக் கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிரே நின்றிருக்கிறார்களே தவிர அவர்கள் மூவரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"அண்ணாச்சி, இன்னைக்கு மூணாம் நாளு" என்றாள் மாரித்தாய்.

"யாருக்கு?"

"பயிருக்கு." உயிர்த்தண்ணீர் என்றால் என்ன என்று அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், விலை சொல்வதுபோலச் சொன்னாள். ஜேசுதாசன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தேவசிகாமணியைப் பார்த்தார்.

"வக்கீலய்யா, கேசு இருக்கா இப்பம்?"

"வாபஸ் வாங்கியாச்சி."

"அப்பம் பேசலாம்லா?"

"பேசலாம்."

"எத்தன வருசம்!" என்று பெருமூச்சு விட்டார் அவர். "கடல்ல ஒரு படகுக்காரன் காலி கேனத் தூக்கிக் காட்டுனா தண்ணி குடுத்துத்தான் ஆவணும். முந்தின நாளு நம்ம வலைய அறுத்தவன்னாலும் குடுப்போம். இத எங்கிட்ட மொதல்லயே வந்து கேக்கக் கூடாதா? பேப்பர அனுப்புனீய. நானும் பேப்பர அனுப்புனேன்." சமையல்கட்டுப் பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தார். "இன்னைக்கி ஒரு நாளைக்கிதான். சொல்லிட்டேன்."

மூன்று செங்கல் போயிற்று. ஒரு சாண் அகலம் இருக்கும். தண்ணீர் முதலில் வரவில்லை. பிறகு நாக்கை நீட்டுவதுபோல நீட்டி, மண்ணை நனைத்து, பயிரின் காலடிக்குப் போனது. மண்டப வாசலில் வழிந்த மீதியைத் தாண்ட, சாயங்காலம் வந்த பெண்வீட்டார் பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இது நல்ல சகுனம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் கையால் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். தேவசிகாமணி வரப்பில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில் அல்ல. முதல் நாளே நடந்துபோய்க் கேட்டிருக்கலாமே என்ற ஆத்திரத்தில். மாரித்தாய் அவரை அழவிட்டுவிட்டு மடையைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் கொத்தனார் வந்து, ஓட்டையை அடைக்கவா என்று கேட்டார். பயிர் என்ன நிலைமையில் இருக்கிறது என்று கேட்டார் ஜேசுதாசன். பச்சை பிடித்துவிட்டது என்றார்கள். அப்ப இருக்கட்டும் என்றார். அடுத்த மாதம் கேட்டார், தூர் கட்டுகிறது என்றார்கள். இருக்கட்டும். பால் பிடிக்கிறது என்றார்கள். இருக்கட்டும். அறுவடை ஆனபோது வேறு நான்கு பேர் நட்டிருந்தார்கள், அதற்கும் மூன்றாம் நாள் வந்தது. அறுபத்திரண்டு ஏக்கருக்கு ஒரு சாண் ஓட்டை காணாது. பதினெட்டு ஏக்கர் பச்சையானது. மாரித்தாய் வீட்டில் வடித்த முதல் சோற்றில் லேசாக மை வாசம் அடித்தது, ருசியில் குறையில்லை. உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துக் கோயில் வாசலில் கொட்டினாள். இந்தத் தடவை யாருக்கு என்று சொல்லவில்லை. அடுத்த மார்கழியில் பெருவெள்ளம் வந்து ரோடெல்லாம் அறுத்துக்கொண்டு போனபோது, ரெகொபோத்து ஜனங்கள் நாலு நாள் மண்டபத்து மாடியில் இருந்தார்கள். ஜேசுதாசன் கல்யாண அண்டாவில் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினார்.

தேவசிகாமணிக்கு மனசு ஆறவில்லை. ஒரு நல்ல மனுஷனின் சுவரில் இருக்கிற ஓட்டை அவருக்குப் பிறகு என்னவாகும்? அதை மடையாகப் பதிவு செய்து, அகலப்படுத்தி, ஷட்டர் வைத்துத் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார். ஜேசுதாசனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைத் தேவசிகாமணி தாலுகா ஆபீசில் கொடுத்தார். மேலே அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். கீழே வந்திருக்கிறது என்றார்கள். கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்றார்கள். அதற்குள் 2025 ஜனவரி வந்து அவருடைய பதவிக்காலம் முடிந்தது. ஃபைல் முடியவில்லை. மறுபடி கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினார். தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

போன சித்திரையில் தாலுகா ஆபீஸ் எழுத்தர் அவருக்குப் போன் செய்தார். குரலில் பதற்றம் எதுவும் இல்லை.

"சார், ஒங்க ஃபைல் முளைச்சிருக்கு. என்ன நெல்லுன்னு தெரியல."

"பிசான நெல்லு" என்றார் தேவசிகாமணி. "காரு மாதிரி இல்ல, கொஞ்சம் நாளாவும்."

இந்தத் தடவை அவர் வாழைநாரைத் தேடி வாங்கி, தெரிந்தே கட்டிக் கொடுத்திருந்தார். புதன்கிழமைதோறும் தாலுகா ஆபீசுக்குப் போகிறார். ஃபைல் எங்கே நிற்கிறது என்று கேட்கிறார், எரிச்சலோடு பதிலைக் கேட்டுக்கொள்கிறார். சித்ரலேகா ரிடையர் ஆகும்போது கொடுத்துவிட்டுப் போன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில் அவர் பையில் இருக்கிறது. போக முடியாத வாரம் எழுத்தரே தண்ணீர் ஊற்றிவிடுகிறார். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவர் முதல்முறை கேட்டபோது தேவசிகாமணி சொன்னார்: "பையப் பைய ஊத்துங்க. ஏழாவது பக்கம் வரைக்கும் நனைஞ்சாப் போதும்."